பூங்கா நடுவே ஒரு பேண்டு மேடை: நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவின் நடுவில், நான்கு நடைபாதைகளும் வந்து சேரும் இடத்தில், எட்டுப் பக்கமுள்ள மேடை ஒன்று இருக்கிறது. பணியில் இருந்த காலம் முழுவதும் கட்டட வரைபடம் வரைந்தே பழகியவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாலையில் அளவு நாடாவுடன் அதைச் சுற்றிவரத் தொடங்கினேன். நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் கண்டால் நம் ஊரில் யாரும் சும்மா போக மாட்டார்கள். "இடிக்கப் போறாங்களா அண்ணாச்சி?" என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. பிறகு வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே பதிலுடன் எழுதியிருக்கிறேன்.

பேண்டு மேடை என்பது என்ன? மற்ற மேடைகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

நாடக மேடைக்கும் பொதுக்கூட்ட மேடைக்கும் முன்புறம், பின்புறம் என்று உண்டு. பார்ப்பவர் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். பேண்டு மேடைக்குப் பின்புறம் கிடையாது. ஆள் இடுப்பளவோ மார்பளவோ உயர்ந்த தளம், அதைச் சுற்றி ஆறு, எட்டு அல்லது பன்னிரண்டு தூண்கள், மேலே கூம்பு வடிவக் கூரை, ஏறுவதற்கு ஒரே ஒரு படிக்கட்டு. இவ்வளவுதான் அதன் உறுப்புகள். வாத்தியக்காரர்கள் வட்டமாக நின்று வாசிக்க, கேட்பவர்கள் எல்லாப் பக்கமும் உட்கார்ந்தோ நடந்துகொண்டோ கேட்பதற்காக உண்டான கட்டடம் இது. நெல்லைப் பக்கத்து ஊர்களில் இதைப் பேண்டு மேடை என்பவர்களும் உண்டு, பூங்கா மண்டபம் என்பவர்களும் உண்டு, ரேடியோ மேடை என்பவர்களும் உண்டு. மூன்றாவது பெயருக்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். பாரசீகத்திலும் துருக்கியிலும் தோட்டங்களின் நடுவே, நான்கு பக்கமும் திறந்த சிறு மண்டபங்கள் காற்று வாங்குவதற்காகக் கட்டப்பட்டன. துருக்கி மொழியில் அதற்குக் கோஷ்க் என்று பெயர். இன்று தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கியோஸ்க் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. அந்த மண்டபத்தை ஐரோப்பியர் தங்கள் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அதில் வாத்தியக்காரர்களை ஏற்றினார்கள். இங்கிலாந்தில் இதன் தொடக்கமாகக் குறிப்பிடப்படுபவை, 1861-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் நின்ற இரண்டு மேடைகள். அவற்றை வடிவமைத்தவர் பிரான்சிஸ் ஃபோக் என்ற ராணுவப் பொறியாளர். அதற்குப் பின் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்த நாட்டில் பூங்கா உள்ள ஊரெல்லாம் இத்தகைய மேடையும் உள்ள ஊராயிற்று.

இதற்கு இரும்பு வார்ப்பாலைகளும் ஒரு காரணம். கிளாஸ்கோவில் இருந்த வால்டர் மெக்ஃபார்லேனின் சாரசன் ஆலை, தூண், கைப்பிடி, கூரை விளிம்பு ஆகியவற்றைப் படம் போட்ட விலைப்பட்டியலாகவே அச்சிட்டு உலகெங்கும் அனுப்பியது. பட்டியலில் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் போதும், மேடை துண்டு துண்டாகக் கப்பலில் வந்து இறங்கும். மைசூர் அரண்மனையின் வார்ப்பிரும்புத் தூண்கள் அந்த ஆலையில் வார்க்கப்பட்டவைதாம்.

பூங்காவில் பேண்டு வாசிக்கும் வழக்கம் ஏன் உண்டாயிற்று?

பழைய எக்காளத்திலும் கொம்பிலும் எல்லாச் சுரங்களும் பேசாது. ஊதும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து எழுப்பக்கூடிய சில சுரங்கள் மட்டுமே வரும். படைக்குச் சைகை கொடுக்க அது போதும், பாட்டு வாசிக்கப் போதாது. 1818-ல் ஷ்டோல்ட்சல், புளூமல் என்ற இருவர் பித்தளை வாத்தியங்களுக்கான வால்வுக்குப் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்றார்கள். விரலால் அழுத்தினால் காற்றின் பாதை நீளும், சுரம் இறங்கும். இதன் மேல் 1840-களில் அடோல்ஃப் சாக்ஸ் ஒரே குடும்பமாக, சிறிதும் பெரிதுமான ஊதுவாத்தியங்களைச் செய்து கொடுத்தார். அதன் பிறகுதான், திறந்த வெளியில் தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி முழுப் பாட்டையும் வாசிப்பது எளிதாயிற்று. வயலினையோ வீணையையோ பூங்காவில் வைத்து வாசித்தால் மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்காது.

கிரிமியப் போரின்போது 1854-ல் துருக்கியின் ஸ்கூட்டாரியில் பிரிட்டிஷ் ராணிக்காக நடந்த அணிவகுப்பில், ஒவ்வொரு படைப்பிரிவின் பேண்டும் அரச வாழ்த்தை வேறு வேறு சுருதியில் வாசித்து மானம் போனதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், 1857-ல் லண்டனுக்கு அருகே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப் பள்ளி தொடங்கப்பட்டதும், அங்கே பயின்றவர்கள் பேண்டுகளை நடத்தப் போனதும் வரலாறு. படை எங்கே போயிற்றோ அங்கே பேண்டும் போயிற்று. பேண்டு போன ஊரில் வாரத்தில் சில மாலைகள் அது பூங்காவில் வாசித்தது.

நம் பக்கத்தில் இத்தகைய மேடைகள் எங்கெங்கே இருந்தன?

சென்னையில் 1859-ல் ஆளுநர் டிரவெல்யன் காலத்தில் தொடங்கிய பீப்பிள்ஸ் பார்க்கில் குளங்கள், விலங்குக் காட்சி ஆகியவற்றோடு பேண்டு மேடையும் இருந்தது. பெங்களூரில் கப்பன் பூங்காவிலும் லால்பாகிலும் இருப்பவை இன்றும் பார்க்கத் தக்கவை. மும்பையில் மேடையின் பெயரே கடற்கரைச் சாலை ஒன்றின் பெயராக நிலைத்துவிட்டது. நமக்கு மிக அருகில், மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது. செங்கோட்டையும் நாகர்கோவிலும் 1949 வரை திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவை. ஆகவே அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நகரம் என்றால் சென்னை அல்ல, திருவனந்தபுரம்தான். நெல்லையில் பேண்டு என்று சொன்னால் முதலில் நினைக்க வேண்டியது கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, முகாமிட்டிருந்த பாளையங்கோட்டையை. ஊர்ப் பூங்காக்கள் பிறகு வந்தவை. 1865-ன் நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1866-ல் நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் நகராட்சிகள் அமைந்த பின்னரே, பூங்கா என்ற ஒன்றை வைத்துப் பராமரிக்கும் பொறுப்பு ஓர் உள்ளூர் அமைப்புக்கு வந்தது.

பேண்டு இசை நெல்லைச் சீமைக்கு முற்றிலும் அந்நியமானதல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், இல்லை என்ற பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பதில் அதுதான். பூங்காக்களில் மேடை எழுவதற்கு வெகு முன்பே, பேண்டின் மெட்டுகள் நெல்லைச் சீமைக்கு வேறு ஒரு வாசல் வழியாக வந்து சேர்ந்துவிட்டன.

முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில், இளைஞரான தீட்சிதருக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட மேற்கத்திய பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அமைந்தது. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவைதாம் இவை. 'சக்தி ஸஹித கணபதிம்' என்பதைக் கேட்காத பாட்டு வகுப்பு இருக்காது. 'ஸந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. அரசனைக் காக்கும்படி வேண்டும் மெட்டில் அம்பாளிடம் 'என்னைக் காப்பாய்' என்று வேண்டுகிற துணிச்சலை நான் மிகவும் ரசிக்கிறேன். இந்தப் பாடல்கள் எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில் நிற்பவை. மேற்கத்தியரின் மேஜர் அளவுகோலும் நம் சங்கராபரணமும் ஏறக்குறைய ஒரே ஏணி என்பதால், கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, இல்லாமல் பாடினால் அது பேண்டாகவே ஒலிக்கும்.

தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்று எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். அண்ணனும் கடைசியில் எட்டயபுரத்துக்கே வந்து, 1835-ல் தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். அவருடைய சமாதி அட்டக்குளத்தின் கரையில் இருக்கிறது. அதே குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட பெருநூல்தான் தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு நமக்குக் காப்பாற்றித் தந்தது. கரிசல் காட்டு ஊர் ஒன்றில் கோட்டை பேண்டின் எதிரொலி அத்தனை காலம் பாதுகாப்பாக இருந்தது என்பதை, ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தாம் பேண்டைக் கேட்டார்கள் என்று எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஹரிகேசநல்லூரைச் சேர்ந்த முத்தையா பாகவதர் (1877–1945) இயற்றிய 'இங்கிலீஷ் நோட்டு', மதுரை மணி ஐயர் பாடியதால் தமிழ்நாடெங்கும் பரவியது. கச்சேரி முடியும் தறுவாயில் அது வரும்போது சபையே தாளம் போடும். ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒருவர் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தவர், மற்றவர் இந்த மண்ணில் பிறந்தவர். இருவருக்குமே பேண்டு காதில் விழுந்தபோது அதை வெளியே நிறுத்தத் தோன்றவில்லை. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார் என்பதையும், கிளாரினெட் சதிர் நாட்டியக் கச்சேரிக்குள் நுழைந்து நம் வாத்தியமாகவே மாறிவிட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கோயில் மண்டபங்கள் இத்தனை இருக்கும் சீமையில் பூங்காவில் தனியாக ஒரு மண்டபம் எதற்கு?

கேட்பதற்கென்றே மண்டபம் கட்டுவது நமக்குப் புதிதல்ல. திருச்செந்தூரில் பூசை மணி அடித்தால் வழிநெடுக இருந்த மண்டபங்களின் மணிகள் ஒன்றையொன்று கேட்டு ஒலித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சேதி சொல்லும், அதன் பிறகே கட்டபொம்மன் சாப்பிட உட்காருவார் என்பது இந்தப் பக்கத்துச் சொல்வழக்கு. தெப்பக்குளத்தின் நடு மண்டபமும் வசந்த மண்டபமும் நான்கு பக்கமும் திறந்தவைதாம். தைப்பூசத்துக்குச் சுவாமி வந்து இறங்கும் நெல்லை ஆற்றங்கரை மண்டபத்தில் 1908-ல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசியபோது, வழிபாட்டு மண்டபம் அரசியல் மேடையாயிற்று.

இருந்தாலும் பூங்கா மேடைக்கு ஒரு வேறுபாடு உண்டு. 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, நம் கோயில் மண்டபங்களில் எல்லோரும் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்க முடியவில்லை. வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது எட்டி நின்று கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். பூங்கா வரிப்பணத்தில் நடந்தது. அங்கே நடைமுறையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பது வேறு கதை, ஆனால் எழுந்து போ என்று சொல்ல எந்த ஆகம விதியும் கிடையாது. பின்புறம் இல்லாத மேடைக்குக் கடைசி வரிசையும் இருக்காது. அழகைவிட இந்தக் காரணத்துக்காகவே நான் இந்தக் கட்டடத்தை மதிக்கிறேன்.

ஏன் எட்டுப் பக்கம்? ஏன் அவ்வளவு உயரம்?

வட்டமாகக் கட்டுவது தச்சருக்கும் கொத்தனாருக்கும் கடினம். எண்கோணம் வட்டத்துக்கு மிக நெருக்கமான, நேர்க்கோடுகளாலேயே செய்யக்கூடிய வடிவம். காரணத்தில் பாதி இதுதான். மறுபாதி ஒலி. திறந்த வெளியில் கேட்பவரின் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. அதைத் தடுக்க முடியாது, வீணாவதைக் குறைக்கத்தான் முடியும். தரையில் நின்று வாசித்தால் முதல் வரிசையில் இருப்பவர்களின் உடம்பே ஒலியை விழுங்கிவிடும். தளம் உயர்ந்தால் ஒலி தலைகளுக்கு மேல் போகும். மேலே வானத்துக்குப் போகும் ஒலியைக் கூரையின் உட்புறம் பிடித்துச் சாய்வாக வெளியே தள்ளும். நல்ல மேடைகளில் கூரைக்கு உட்புறம் பலகை அடித்திருப்பது இதற்காகத்தான். பலகை இல்லாமல் வெறும் தகரம் மட்டும் இருந்தால் ஓசை கரகரக்கும். மழை பெய்தால் வாசிப்பவருக்கே தன் வாத்தியம் கேட்காது. அழகுக்காக உட்குழிவான கான்கிரீட் கும்மட்டம் போட்டுவிட்டால் ஒலி முழுவதும் மேடையின் நடுவிலேயே குவியும்: வாசிப்பவர் காது அடைக்கும், கேட்பவருக்கு ஒன்றும் வராது.

எங்கள் ஊர் மேடையில் தளம் மூன்றரை அடி. படியில் ஐந்தாவது கல் மட்டும் நடுவில் குழிந்திருக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரு கணம் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். அது கோயில் அல்ல என்று யாரிடமும் சொல்லவும் முடியாது.

கல்வெட்டு இல்லாத மேடையின் வயதை எப்படிக் கணிப்பது?

முதலில் ஓட்டைப் பார்க்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் மேடையிலிருந்து விழுந்த சீமை ஓடு ஒன்றின் அடிப்புறத்தில் 1865 என்று அச்சு இருந்தது; ஊரில் பாதிப் பேர் மேடைக்கு அந்த வயதைக் கொடுத்துவிட்டார்கள். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டாலை தொடங்கிய ஆண்டு அது. ஆலை தொடங்கிய ஆண்டைப் பல காலம் ஓடுகளில் அச்சிட்டு வந்தார்கள். நெல்லைச் சீமையில் அந்த ஆண்டு பொறித்த ஓடு வேய்ந்த வீடுகளெல்லாம் 1865-ல் கட்டியவை என்றால், அந்த ஒரு வருடம் வேறு வேலையே நடந்திருக்காது.

அடுத்து தூணைப் பாருங்கள். வார்ப்பிரும்புத் தூணில் நெடுக ஓர் அச்சுக் கோடு மெல்லத் தெரியும். சில சமயம் அடிப்பாகத்தில் ஆலையின் பெயர்த் தகடு சாயத்தின் அடியில் மறைந்து கிடக்கும். கையால் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்பது தெரியும். கூரைத் தண்ணீர் அந்த வெற்றிடம் வழியாகவே இறங்கும்படி செய்வதும் உண்டு. உருட்டிரும்பு உத்தரம் இருந்தால் அதன் பக்கவாட்டில் டார்மன் லாங் போன்ற ஆலைப் பெயர் தென்படலாம். டாட்டாவின் ஜாம்ஷெட்பூர் ஆலை 1912-ல்தான் எஃகு வார்க்கத் தொடங்கியது; ஆகவே டாட்டா முத்திரை இருக்கும் உத்தரம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

பிறகு காரை. பழைய சுண்ணாம்புக் காரையை நகத்தால் சுரண்டினால் வெண்மையாக உதிரும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரையாயிருந்தால் அவ்வளவு எளிதில் உதிராது. கான்கிரீட் தூண்களாக இருந்தால் கணக்கு எளிது. தாழையூத்து சங்கர்நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949-ல் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்தில் சிமெண்ட் கைக்கெட்டும் பொருளாயிற்று. மெலிந்த கான்கிரீட் தூண், தட்டையான கூரை, சுற்றிலும் கம்பிக் கைப்பிடி என்று இருப்பவை பெரும்பாலும் அதற்குப் பிந்தையவை. அவை பேண்டுக்காகக் கட்டப்பட்டவை அல்ல, வானொலிக்காக.

எழுத்துச் சான்றுக்கு நகர்மன்றத் தீர்மானப் புத்தகங்களைத் தேடுங்கள். விளக்கெண்ணெய்ச் செலவு, தோட்டக்காரர் சம்பளம் ஆகியவற்றுக்கு நடுவே மேடையின் ஓட்டு மாற்றுக் கூலி ஒரு வரியாக இருக்கக்கூடும். மாவட்டத்தைப் பற்றி 1917-ல் வெளிவந்த விவரச் சுவடியும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அடுத்த இடங்கள்.

மேடையில் 1897, 1911, 1935 என்று இருந்தால்?

1887-ம் 1897-ம் விக்டோரியாவின் பொன்விழா, வைரவிழா ஆண்டுகள். 1911 டில்லி தர்பார், 1935 ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா, 1937 ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு. இந்த ஆண்டுகளில் பூங்கா, மணிக்கூண்டு, குடிநீர்க் குழாய் என்று எதையாவது திறந்து கல் பதிப்பது வழக்கம். கல்லில் உள்ள ஆண்டு விழாவின் ஆண்டு. பணம் திரண்டு வேலை முடிந்தது இரண்டொரு வருடம் கழித்தாகவும் இருக்கலாம்.

ரேடியோ மேடை என்ற பெயர் எப்படி வந்தது?

பூங்காவில் வானொலி கேட்கும் வழக்கம் சென்னையில் தொடங்கியது. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-ல் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், பணத் தட்டுப்பாட்டால் 1927-ல் நின்றது. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. சொந்தமாக வானொலி வாங்க இயலாத மக்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி சென்னையிலும், அடுத்த ஆண்டு மே 16-ல் திருச்சியிலும் நிலையம் திறந்தது. திருச்சி நிலையம்தான் நெல்லைக்கு நெடுங்காலம் எட்டிய தமிழ்க் குரல். அதோடு கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியைச் சொல்லாமல் விட்டால் தூத்துக்குடிக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1963 டிசம்பர் 1-ல் நெல்லைக்கே சொந்தமாக நிலையம் வந்தது.

வீட்டில் வானொலி வைக்க அஞ்சலகத்தில் உரிமம் கட்ட வேண்டிய காலம் அது. ஆகவே நகராட்சிகளும் ஊராட்சிகளும் பூங்காவில் ஒரு பெட்டியை வைத்தன. மேடை ஏற்கெனவே இருந்த ஊரில் அதன் உத்தரத்திலேயே கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். இல்லாத ஊரில் புதிதாகச் சிறு மேடையும் அறையும் கட்டினார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெட்டி வலையடித்த மர அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது. மாலையில் நகராட்சி ஊழியர் ஒருவர் சாவிக்கொத்தோடு வருவார். குமிழைத் திருப்பி, பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி வால்வு சூடாகும்வரை அவர் பொறுமையாக நிற்க, நாங்களும் நிற்போம். முதலில் இரைச்சல், பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல், பிறகு திடீரென்று தெளிவு. மாநிலச் செய்தி முடிந்ததும் பெரியவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள்; நாதஸ்வரம் இருந்தால் மட்டும் யாரும் எழ மாட்டார்கள். காருகுறிச்சி அருணாசலம் என்றால் பூங்காவின் வாசலில் கடலை வறுப்பவர்கூடச் சட்டியில் கரண்டி படாமல் பார்த்துக்கொள்வார்.

ஆளில்லாத மேடையைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கேட்ட காலம் அது. டிரான்சிஸ்டர் வந்ததும் ஒவ்வொருவரும் ஒலியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர் அலமாரி மட்டும் பூட்டோடு இன்னும் இருக்கிறது, உள்ளே துடைப்பமும் பினாயிலும்.

அப்படியானால் பேண்டு எங்கே போயிற்று?

தெருவுக்குப் போயிற்று. கல்யாண ஊர்வலம், சர்ச் சப்பரம், இறுதி ஊர்வலம் எல்லாவற்றிலும் பேண்டு செட் வாசிக்கிறது. காவல் துறையின் பேண்டைச் சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கேட்கலாம். பூங்காவுக்குத்தான் அது திரும்பி வரவில்லை.

பழைய மேடையைப் பழுது பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எங்கள் மேடைக்கு நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே பதில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அழகுபடுத்தும் வேலை நடந்தது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளிழுத்து வெளிவிடும், சிமெண்ட் விடாது. இரண்டே மழைக்காலத்தில் பூச்சு வயிறு தள்ளி, பெயர்ந்து விழுந்தது. தளத்தில் வழவழப்பான டைல்ஸ் பதித்தார்கள். ஐப்பசி மழையில் அதில் நிற்பவர் வழுக்கிவிழுவது உறுதி. தூணின் அடியில் தண்ணீர் வெளியேறும் துவாரத்தை, எலி நுழையும் ஓட்டை என்று எண்ணிக் கலவையால் அடைத்தார்கள். கூரைத் தண்ணீர் தூணுக்குள்ளேயே தேங்க, உள்ளிருந்து துரு பிடித்து, ஒரு தூண் நீளவாக்கில் வெடித்தது. கூரையின் உட்பலகையைக் கரையான் என்று சொல்லி முழுவதும் பிடுங்கினார்கள். எட்டில் ஒரு பக்கத்தில்தான் கரையான் இருந்தது, நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கடைசியாக, மேடை முழுவதற்கும் மூன்று நிறத்தில் சாயம் அடித்தார்கள். வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எது மேடையின் உறுப்பு, எது அழுக்கு என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

இதைத் தவிர்க்க வேண்டுமானால், வேலை தொடங்கும் முன் ஓர் ஆளை ஏற்றி உட்கூரையைப் படம் எடுங்கள், தூணின் அடியில் துவாரம் இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள், காரையில் ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள். புதுப்பூச்சும் சுண்ணாம்பிலேயே இருக்கட்டும். கரையான் அரித்த பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

இன்று அந்த மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி வைக்க முடியுமா?

நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே உண்டானவை. அவற்றுக்கு ஒலிபெருக்கி வைப்பது கேட்பவர்களைத் துரத்துவதற்குச் சமம். பேண்டு செட்டுக்கும் தேவையில்லை. நையாண்டி மேளத்துக்கும் அப்படியே. வில்லுப்பாட்டில் குடமும் உடுக்கையும் கேட்கும், ஆனால் புலவரின் கதை கேட்க வேண்டுமே, அதற்கு ஒரு மைக் போதும். வாய்ப்பாட்டும் வீணையும் இந்த மேடைக்கு உரியவை அல்ல, விட்டுவிடுங்கள். வாத்தியக்காரர்களை ஒரே பக்கம் பார்த்து உட்கார வைக்காமல் வட்டமாக நிற்கச் சொல்லுங்கள்; முதலில் கூச்சப்படுவார்கள், ஒரு உருப்படி முடிவதற்குள் பழகிவிடுவார்கள்.

காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். காற்று வீசும் திசையில் போகும் ஒலி தரையை நோக்கி வளைந்து தூரம் போகும். எதிர்த்துப் போகும் ஒலி மேலே வளைந்து தலைக்கு மேல் தப்பிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி நம் பக்கம் முழுவதும் வீசும்போது, மேற்கே உட்கார்ந்தவருக்குத் தவில் மட்டும்தான் கேட்கும். அந்த இரண்டு மாதமும் ஜமுக்காளத்தை மேடைக்குக் கிழக்கே விரியுங்கள்.